கப்பலில் ஒரு செமஸ்டர்: கிரெடிட் கைக்கு வரும்வரை

'செமஸ்டர் அட் சீ' போன்ற திட்டத்தில் சேர்ந்து, உலகைச் சுற்றும் கப்பலில் ஒரு செமஸ்டர் படிக்கலாம் என்றதும் எல்லோரும் முதலில் உலக வரைபடத்தைத்தான் விரிக்கிறார்கள். வேலையைத் தொடங்க வேண்டிய இடம் சொந்தக் கல்லூரியின் பதிவாளர் அலுவலகம். கப்பலில் படித்த பாடங்களுக்கான கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளிகளை, அங்கே ஏற்க மறுத்துவிட்டால் ஊர் சுற்றிப் பார்த்ததுதான் மிச்சம். பட்டம் அரை வருடம் தள்ளிப்போகும்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் லாஃப், ஹாலந்து அமெரிக்கா லைன் நிறுவனத்தின் 'ரைண்டாம்' கப்பலில் ஏறத்தாழ 500 மாணவர்களோடு 1926 செப்டம்பரில் ஹோபோகனிலிருந்து புறப்பட ஏற்பாடு செய்தார். 'மிதக்கும் பல்கலைக்கழகம்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் கப்பல் கிளம்பும் முன்பே நியூயார்க் பல்கலைக்கழகம் ஆதரவை விலக்கிக்கொண்டது. பயணம் நிற்கவில்லை. கப்பலில் வகுப்புகள் நடந்தன, நாளிதழ் வந்தது, 1927 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். படித்த பாடத்துக்குப் பின்னால் நின்று கையெழுத்துப் போட ஒரு பல்கலைக்கழகம் இல்லாமல் போனதுதான் அந்த முயற்சியின் பெரிய பலவீனம்.

பின்னால் வந்தவர்கள் அதைத்தான் முதலில் சரிசெய்தார்கள். கலிஃபோர்னியாவின் விட்டியர் ஊர்த் தொழிலதிபர் வில்லியம் ஹியூஸ் 1963-ல் 'ஏழு கடல் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் மறுபடி தொடங்கினார். 1965-ல் சாப்மன் கல்லூரி அதை எடுத்துக்கொண்டது. 'வேர்ல்ட் கேம்பஸ் அஃப்லோட்' என்று பெயர் மாறியது. ஹாங்காங் கப்பல் அதிபர் சி. ஒய். டுங் இதற்காகவே 'குயின் எலிசபெத்' கப்பலை 1970-ல் வாங்கினார். 1972 ஜனவரி 9 அன்று ஹாங்காங் துறைமுகத்தில் அது தீப்பிடித்து மூழ்கியது. அதற்குப் பதிலாக அவர் கொடுத்த கப்பல்தான் 'யூனிவர்ஸ் கேம்பஸ்', பிற்காலத்தில் வெறும் 'யூனிவர்ஸ்'. 1970-களின் பிற்பகுதியிலிருந்து இன்றுவரை இந்தத் திட்டத்தின் பெயர் 'செமஸ்டர் அட் சீ'. கொலராடோ, பிட்ஸ்பர்க், வர்ஜீனியா பல்கலைக்கழகங்களுக்குப் பிறகு 2016 முதல் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகம் கிரெடிட் தருகிறது. பழைய மாணவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். 1990-ல் பயணம் செய்தவர் இன்றைக்கு மேற்படிப்புக்கு டிரான்ஸ்கிரிப்ட் (பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய அதிகாரபூர்வப் பட்டியல்) கேட்க வேண்டியது பிட்ஸ்பர்கிடம். கப்பலை நடத்தும் அமைப்பிடமோ கொலராடோ ஸ்டேட்டிடமோ அல்ல.

எனவே முதல் படி, பாடத்துக்குப் பாடம் எழுத்தில் ஒப்புதல். கப்பல் பாடங்களின் சிலபஸ் வெளியானதும் ஒவ்வொன்றையும் உங்கள் கல்லூரியின் எந்தப் பாடத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்வார்கள் என்று துறைத் தலைவரிடம் கேட்டு வாங்குங்கள். "பொதுவாக ஏற்போம்" என்ற மின்னஞ்சல் போதாது. அது பெரும்பாலும் விருப்பப்பாட கிரெடிட்டாகத்தான் முடியும். மேஜருக்கு, அதாவது உங்கள் முதன்மைத் துறைக்கு, தேவையான பாடம் பாக்கியாகவே நிற்கும். நான்கு அல்லது ஐந்து பாடம், அதாவது 12 முதல் 15 கிரெடிட் எடுப்பீர்கள். ஒப்புதலை ஏழெட்டுப் பாடத்துக்கு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கப்பலில் இடம் குறைவு, வகுப்புகள் நிரம்பிவிடும். மாற்றுப் பாடத்துக்கு நடுக்கடலிலிருந்து கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. அடுத்த செமஸ்டருக்கான பதிவும் நீங்கள் கடலில் இருக்கும்போதுதான் வரும். இணையம் மெதுவாக இருக்கும், நேர மண்டலமும் வேறு. உங்கள் சார்பில் பதிவு செய்ய யாருக்கு அனுமதி என்பதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

அடுத்தது விசா. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை அதிகம் வாட்டுவது இதுதான். பத்துப் பன்னிரண்டு நாடுகள். முதல் துறைமுகத்துக்கும் கடைசித் துறைமுகத்துக்கும் இடையே மூன்றரை மாதம். கப்பலேறிய பிறகு பாஸ்போர்ட் கப்பல் அலுவலகத்தில் இருக்கும் என்பதால் தேவையான விசாக்கள் எல்லாம் கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும். பலரும் சறுக்குவது ஒரே இடத்தில். சில விசாக்களுக்குக் கொடுத்த தேதியிலிருந்தே காலக்கெடு ஓட ஆரம்பிக்கும். சீக்கிரமாக வாங்கிய மூன்று மாத விசா, கப்பல் அந்தத் துறைமுகத்தைத் தொடும் முன்பே காலாவதியாகிவிடும். ஆகவே துறைமுக அட்டவணையை வைத்து, ஒவ்வொரு நாட்டுக்கும் 'இதற்கு முன் வாங்கக்கூடாது, இதற்குப் பின் வாங்கக்கூடாது' என்று இரண்டு தேதிகள் குறியுங்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு தூதரகமும் பாஸ்போர்ட்டைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கொடுக்க முடியாது. இழுத்தடிக்கும் நாட்டை வரிசையில் முன்னால் வையுங்கள்.

இ-விசாவிலும் ஒரு கண்ணி உண்டு. எந்தெந்த நுழைவாயிலில் செல்லும் என்று பட்டியல் இருக்கும். விமான நிலையத்தின் பெயர் இருந்து துறைமுகத்தின் பெயர் இல்லாமல் போகலாம். பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லும் பாஸ்போர்ட்டும், அதில் ஒரு டஜன் வெற்றுப் பக்கங்களும் இருக்கட்டும். அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் படிப்பவர்கள் பல முறை நுழையும் விசா உயிரோடு இருக்கிறதா, கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் பயணக் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் அமெரிக்க மாநிலமான ஹவாய் வரும்போதே அது தேவைப்படலாம். சில பயணங்கள் சான் டியாகோவை விட்டு மெக்சிகோவின் என்செனாடாவில் தொடங்கியதற்குக்கூட ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றிச் செல்வதை 1886-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

தடுப்பூசியில் மஞ்சள் காய்ச்சல் அட்டைதான் முக்கியம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லும். ஆப்பிரிக்காவில் நோய் உள்ள நாட்டைத் தொட்டுவிட்டு இந்தியாவுக்கு வந்தால் அட்டை இல்லாதவரை ஆறு நாள்வரை தனிமைப்படுத்துவார்கள். இந்தியக் குடிமகன் என்ற சலுகை கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

பெட்டி கட்டும்போது சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் கருவி) உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து வைக்காதீர்கள். கப்பலின் மின் அமைப்பு வீட்டு மின்சாரம் போல நிலத்தோடு இணைக்கப்பட்டதல்ல. அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. ஏறும்போதே பிடுங்கி வைத்துவிடுவார்கள். அயர்ன் பாக்ஸ், கெட்டிலுக்கும் இதே கதிதான். கேபின் சுவர் எஃகு என்பதால் காந்தக் கொக்கிகள் நன்றாகப் பிடிக்கும். ஈரத்துணி, பை, அடையாள அட்டை மாட்ட அவற்றைவிட வசதி வேறில்லை. படிக்க வேண்டிய கட்டுரைகளை எல்லாம் கரையிலேயே தரவிறக்கி வையுங்கள்.

கடல் நோய்க்கு, கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்துக் கேபின் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு, விலையும் குறைவு. மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் பயனில்லை. கிளம்புவதற்கு முன்பே தொடங்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை மூன்று நாள் வேலை செய்யும். ஒட்டிய கையால் கண்ணைத் தொட்டால் பார்வை மங்கும். ஒட்டியவுடனே கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஜனவரியில் வட பசிபிக்கைக் கடப்பது விளையாட்டல்ல. 2005 ஜனவரியில் வான்கூவரிலிருந்து தென்கொரியாவின் பூசான் போய்க்கொண்டிருந்த இந்தத் திட்டத்தின் 'எக்ஸ்ப்ளோரர்' கப்பலில், கப்பலைச் செலுத்தும் அறையின் கண்ணாடியை ஒரு பேரலை உடைத்து, கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பாழாக்கியது. எஞ்சின்கள் நின்று, பிறகு தட்டுத்தடுமாறி ஹொனலூலு போய்ச் சேர்ந்தார்கள். முதல் நாள் நடக்கும் லைஃப்ஜாக்கெட் ஒத்திகையை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். கேட்டதும் எந்தப் படிக்கட்டில் இறங்குவது என்று கால்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்புகள் கப்பல் கடலில் இருக்கும்போது மட்டும். ஒரு நாள் 'ஏ', மறுநாள் 'பி' என்று மாறி மாறி வரும். ஞாயிற்றுக்கிழமை என்று விடுப்பு இல்லை. ஒரு பாடத்துக்கு இருபதுக்குச் சற்று மேற்பட்ட வகுப்புகள்தான் என்பதால் இரண்டு மூன்று தவறினாலே மதிப்பெண்ணில் தெரியும். கிழக்கு நோக்கிப் போகும்போது அடிக்கடி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். தொடர்ந்து நாலைந்து இரவு தூக்கம் குறைந்தால் காலை வகுப்பில் தலை நிற்காது. அந்த வாரத்தில் தேர்வு இருக்கிறதா என்று முன்பே பார்த்து இரவில் சீக்கிரம் படுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவதொரு துறைமுகத்தில் ஒரு முழு நாள் களவகுப்பு உண்டு. பாட நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குத்தான். தவறினால் ஈடுசெய்ய வழியில்லை. சொந்தச் சுற்றுலாவுக்கு டிக்கெட் போடும் முன் அந்தத் தேதிகளைக் காலண்டரில் அடைத்துவிடுங்கள்.

கரையில் இறங்கினால், கப்பல் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஏறிவிட வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் அடுத்த துறைமுகத்தில் மற்றவர்கள் இறங்க, நீங்கள் மணிக்கணக்கில் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் பறக்க வேண்டும். பாஸ்போர்ட் நகல், தூதரக எண், ஒரு விமான டிக்கெட்டுக்கான பணம் எப்போதும் உடம்போடு இருக்கட்டும். இரவில் சாலைப் பயணம் வேண்டாம். 1996 மார்ச்சில் ஆக்ராவுக்குப் போன பஸ் விபத்தில் இந்தத் திட்டத்தின் மாணவர்கள் நான்கு பேர் இறந்தார்கள். சென்னையிலோ கொச்சியிலோ கப்பல் நிற்கும் சில நாட்களில் தாஜ்மகாலையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று ஓடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: விமானம் ரத்தானால் பயணத்தையே ரத்து செய்யுங்கள், சாலையில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

ஊர் திரும்பியபின் டிரான்ஸ்கிரிப்ட் தானாக வந்து சேரும் என்று காத்திருக்காதீர்கள். கிரெடிட் தரும் பல்கலைக்கழகத்தில் நீங்களே விண்ணப்பித்து, சொந்தக் கல்லூரிக்கு நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். கப்பல் கணக்கில் கட்டணப் பாக்கி இருந்தால் அது நின்றுபோகலாம். வந்ததும் பாட எண்களை முன்பு வாங்கிய ஒப்புதல் தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பாடம் வேறு எண்ணில் பதிவாகியிருந்தால் சிலபஸையும் களவகுப்பு அறிக்கையையும் இணைத்து அதே வாரத்தில் பதிவாளருக்கு எழுதுங்கள். அந்தத் தாள்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.