கிரீன் பாத்தும் ஒரு கறுப்புக் கல்லும்

சனிக்கிழமை மாலை கொழும்புப் பொது நூலகத்திலிருந்து கிரீன் பாத் வழியாகத் திரும்பினோம். பெயர்ப்பலகை ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்கிறது. எங்கள் வாயில் அது இன்னும் கிரீன் பாத்தான். வேலியோரம் வழக்கம்போல விற்பனைக்கு ஓவியங்கள்: யானை, பெரஹரா, மழையில் நனையும் முச்சக்கரவண்டி. என்னிடம் உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளை கேட்டாள்:

"ரீச்சர், இந்தக் குமாரசுவாமியும் படம் கீறினவரா?"

"கல் உடைத்தவர்" என்றேன். சிரித்தாள். நம்பவில்லை.

கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்து குமாரசுவாமியின் மகன். 1877இல் கொழும்பில் பிறந்து, இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்தவர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குப் பணிப்பாளர். கண்டிப் பக்கத்துக் கங்கப்பிட்டியவில் கிடைத்த நீலக் கனிப்பொருளைப் பிரயர் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்து, 1903இல் செரண்டிபைற்று என்று உலகுக்கு அறிவித்தார். செரண்டிப் நம் நாட்டின் பழைய அரபுப் பெயர்.

எனக்குப் பிடித்தது மற்றக் கல். இரத்தினக்கல் தோண்டுபவர்கள் கல் கிடக்கும் கிரவல் படையை 'இல்லம்' என்பார்கள். முதன்முறை கேட்டபோது யாருடைய வீடு என்றுதான் நினைத்தேன். அந்த இல்லத்தைக் கூடையில் இட்டுத் தண்ணீரில் சுழற்றினால் சேறும் மணலும் போய்க் கனமானவை அடியில் தங்கும். 1904இல் சபரகமுவவின் பம்பரபொட்டுவவில் ஹொலண்ட் என்பவருக்கு அப்படிக் கிடைத்தவை கறுப்புச் சதுரமுகிகள். முதலில் யுரேனியத் தாதான யுரேனினைற்று என்றே எண்ணினார்கள். இலண்டனில் டன்ஸ்டன் என்ற இரசாயனவியலாளர் பகுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, தோரியம் என்ற கதிரியக்க உலோகத்தின் ஈரொட்சைட்டு! தோரியனைற்று என்று புதுப் பெயர் வைத்தார்கள். மறு வருடமே இரசாயனவியலாளர் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஓட்டோ ஹான் இந்த இலங்கைக் கல்லிலிருந்து ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்தறிந்தார். பின்னாளில் அணுக்கருப் பிளவைக் கண்ட அதே ஹான்தான்.

இந்தக் கனிப்பொருள் ஆய்வுகளுக்காகவே 1906இல் குமாரசுவாமிக்கு இலண்டன் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. ஆனால் மேடைகளில் "கல்லை விட்டுக் கலைக்கு வந்தார்" என்பார்கள், ஏதோ சுருட்டுப் பழக்கத்தை விட்டவரைச் சொல்வதுபோல. எனக்கு எரிச்சல் வரும். கல் தேடி ஊர் ஊராக அலைந்த அந்த வருடங்களில்தானே கிராமத்துக் கம்மாளரையும் நெசவாளரையும் பார்த்தார்? மனைவி எதெல் படம் பிடித்தார். 1908இல் வந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல் அந்த நடையின் விளைச்சல்.

திங்கட்கிழமை ஆய்வுகூட அலுமாரியிலிருந்த கலேனா என்ற ஈயத் தாதுக் கட்டியை அவளிடம் கொடுத்தேன். முட்டையளவுதான். அலட்சியமாக ஒரு கையை நீட்டியவள், கை தாழ்ந்ததும் மற்றக் கையையும் கொடுத்துப் பிடித்தாள்.

"இது நீரைப்போல் ஏழரை மடங்கு கனம். தோரியனைற்று ஒன்பதுக்கும் மேலே."

கட்டியை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள்.

"அதுதான் கூடையில் கிடந்திருக்கிறது" என்றாள்.