1905: நோர்வே பிரிந்துபோன ஆண்டு (நாட்குறிப்பு)

மே 27

நோர்வேயின் 1905ஐ அந்தந்தத் தேதி வரும்போது எழுதிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். ஒஸ்லோவில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு மே 17 ஊர்வலம் தெரியும். அது 1814இல் அரசியலமைப்பு எழுதிய நாள். ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள் நோர்வே சுவீடன் மன்னரின் கீழ் போக வேண்டிவந்ததும், அதிலிருந்து வெளியே வர 91 ஆண்டு பிடித்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சொந்தப் பாராளுமன்றமும் சொந்தச் சட்டமும் நோர்வேக்கு இருந்தன. வெளியுறவு மட்டும் ஸ்டொக்ஹோமின் கையில். சச்சரவு கப்பலில் இருந்துதான் பிறந்தது. அன்றைக்கு உலகின் மிகப் பெரிய வணிகக் கப்பல் கூட்டங்களில் நோர்வேயுடையதும் ஒன்று. தூரத்துத் துறைமுகத்தில் ஒரு நோர்வே மாலுமிக்குச் சிக்கல் வந்தால், அவன் போய் நிற்க வேண்டிய துணைத்தூதரகம் சுவீடன் அமைச்சரின் கீழ் இருந்தது. எங்களுக்குத் தனித் துணைத்தூதரகங்கள் வேண்டும் என்று நோர்வேப் பாராளுமன்றம் சட்டம் போட்டது. 1905 மே 27 அன்று இரண்டாம் ஒஸ்கார் மன்னர் அதில் ஒப்பமிட மறுத்தார். அமைச்சர்கள் பதவி விலகினார்கள். வேறு அரசு அமைக்க இப்போது வழியில்லை என்று சொல்லி, அந்த விலகலையும் மன்னர் ஏற்கவில்லை. அவர் சொன்ன அந்தக் காரணத்தையே நோர்வே பிடித்துக்கொண்டது.

யூன் 7

பிரதமர் கிறிஸ்தியான் மிக்கெல்சன், பேர்கன் நகரத்துக் கப்பல் முதலாளி. அவருடைய ஆட்கள் எழுதிய தீர்மானத்தை இன்று இரண்டு முறை வாசித்தேன். ‘சுதந்திரம்’ என்ற முழக்கத்தைத் தேடினால் கிடைக்காது. அரசு அமைக்க இயலாது என்று மன்னரே சொல்லிவிட்டார், ஆகவே அரச அதிகாரம் செயலற்றுப் போயிற்று, ஆகவே பதவி விலகிய அமைச்சர்களே அந்த அதிகாரத்தை நடத்தட்டும் என்று போகிறது. மன்னர் நோர்வேயின் மன்னராக இயங்காததால் சுவீடனோடு இருந்த இணைப்பும் கலைந்தது என்பது கடைசியில் ஒரு துணைவாசகமாகத்தான் வருகிறது. ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது.

அதோடு மன்னருக்கு ஒரு மடலும் போனது. உங்கள் குடும்பத்து இளவரசர் ஒருவரை எங்களுக்கு மன்னராகத் தாருங்கள் என்று அதில் கேட்டிருந்தார்கள். கையை விடும்போதும் எதிராளியின் முகத்தில் அடிக்காமல் விட்டார்கள். இதை நான் பெரிய அரசியல் அறிவு என்று நினைக்கிறேன்.

யூன் 9

ஒஸ்லோவின் ஆகர்ஸ்ஹூஸ் கோட்டையில், சுவீடனோடு இருந்த இணைப்பைக் காட்டும் குறி இல்லாத நோர்வேக் கொடி ஏறிய நாள்.

ஓகஸ்ட் 13

இதுதான் நான் காத்திருந்த தேதி. மக்களைக் கேட்காமல் எப்படிப் பிரிவது என்று சுவீடன் கேட்க முன்பே, நோர்வே வாக்கெடுப்பை வைத்துவிட்டது. பிரிவுக்கு 368,208 வாக்கு. எதிராக 184. நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான் அந்த 184!

இந்த எண்களை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அதில் ஒரு பெண்ணின் வாக்கும் இல்லை. அன்றைக்கு ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை. பெண்கள் அமைப்புகள் எங்களையும் சேருங்கள் என்று கேட்டன, கிடைக்கவில்லை. சரி, எங்கள் வாக்கை நாங்களே எடுக்கிறோம் என்று இறங்கினார்கள். ஃப்ரெட்ரிக்க மாரி க்வாம் போன்றவர்கள் முன்னின்றார்கள். மலைக் கிராமம், மீன்பிடித் தீவு, பண்ணை என்று நாடெங்கும் கையெழுத்துத் திரட்டி அதே மாதம் பாராளுமன்றத்தில் கொடுத்தார்கள். 240,000க்கு மேற்பட்ட கையெழுத்துகள்! மொத்தச் சனத்தொகையே 23 லட்சம் அளவில் இருந்த நாடு. வீதியும் தொலைபேசியும் எட்டாத இடங்கள் எத்தனையோ. வாக்குச்சீட்டு தராத நாட்டுக்காக அந்தப் பெண்கள் அப்படி அலைந்திருக்கிறார்கள். 1905ஐச் சொல்லும்போது மிக்கெல்சனுக்குப் பக்கத்திலேயே இவர்களையும் வைக்க வேண்டும்.

செப்டெம்பர் 23

சுவீடனில் உள்ள கார்ல்ஸ்டாட் நகரில் ஓகஸ்ட் 31 தொடங்கிய பேச்சுவார்த்தை இன்று முடிந்தது. இடையில் அது முறியும் நிலைக்கும் போனது. இரண்டு பக்கமும் எல்லையில் படையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன.

யுத்தத்தால் ஊர்விட்டு வந்த எங்களுக்கு இந்த மூன்று வாரத்தை வாசிப்பது லேசான காரியம் இல்லை. எந்த இடத்திலும் ஒருவன் துவக்கை வெடிக்க வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

நோர்வே விட்டுக்கொடுத்ததும் சின்ன விடயம் அல்ல. அண்மையில்தான் செலவழித்துக் கட்டிய எல்லைக் கோட்டைகளை இடிக்க ஒப்புக்கொண்டது. எல்லையின் இருபுறமும் படையில்லாத வலயம் வந்தது. இனித் தகராறு வந்தால் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போவது என்று முடிவானது. எல்லை தாண்டிப் பனிமான் மேய்க்கும் சாமி (Sámi) என்ற வடக்குப் பழங்குடி மக்களின் மேய்ச்சலுக்கும் உடன்பாட்டில் இடம் இருந்தது. கோட்டையை இடிப்பதா என்று நோர்வேயில் பலர் கொதித்தார்கள். எனக்கு மிக்கெல்சன் செய்ததே சரியாகப் படுகிறது.

ஒக்டோபர் 26

ஒஸ்கார் மன்னர் நோர்வேயின் முடியைத் துறந்தார். இளவரசரைத் தரும் பேச்சுக்கும் இடம் கொடுக்கவில்லை. வயது 76. மன்னராக அதுவரை அவர் வைத்திருந்த குறிக்கோள் வாசகம் ‘சகோதர மக்களின் நலம்’. அதை இந்த ஆண்டு ‘சுவீடனின் நலம்’ என்று மாற்றினார். நோர்வேயின் பக்கம் நின்று வாசிக்கிற எனக்கும் இந்த இடத்தில் அந்தக் கிழவருக்காக மனம் வலித்தது.

நவம்பர் 13

இரண்டாவது வாக்கெடுப்பு, நேற்றும் இன்றும். டென்மார்க் இளவரசர் கார்ல் மன்னராக வரத் தயார்தான். ஆனால் நோர்வேயில் குடியரசு வேண்டுமென்பவர்களும் நிறைய இருப்பது தெரிந்து, முதலில் மக்களிடம் கேளுங்கள் என்று அவரே வற்புறுத்தினார். ஆதரவு 259,563, எதிர்ப்பு 69,264. கேட்டு வாங்கிய முடி என்பதால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

நவம்பர் 25

கொட்டும் பனியில் கார்ல் கிறிஸ்தியானியாவுக்கு (இன்றைய ஒஸ்லோ) வந்து சேர்ந்தார். ஹேயிம்டால் கப்பலில் மிக்கெல்சன் வரவேற்கும் படத்தில் கார்லின் கையில் இரண்டு வயது மகன் இருக்கிறான். தகப்பன் ஏழாம் ஹோக்கன் என்றும், அலெக்சாண்டர் என்று பெயரிட்டிருந்த பிள்ளை ஊலாவ் என்றும் ஆனார்கள். 27ஆம் தேதி பாராளுமன்றத்தில் சத்தியப்பிரமாணம்.

ஆண்டு இதோடு முடிந்தது. ஆனால் கையெழுத்துப் போட்ட அந்தப் பெண்களின் கணக்கு இன்னும் பாக்கி. எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை தரும் தீர்மானத்தைப் பாராளுமன்றம் 1913 யூன் 11 அன்றுதான் நிறைவேற்றியது. வரும் யூனில் அந்தத் தேதிக்கும் ஒரு குறிப்பு எழுதுவேன்.