முகமது அலி தெருவில் ஒரு மதியம்

அத்தாபா மெட்ரோவில் இறங்கி, பழைய புத்தகக் கடைகளைத் தாண்டினால் முகமது அலி தெரு. எகிப்தை ஆண்ட கெதிவ் இஸ்மாயில் காலத்தில், 1870-களில், கெய்ரோ கோட்டையை நோக்கி நேராக வெட்டிய தெரு இது. கல்யாணத்துக்கு வாசிக்கிறவர்களையும் ஆடுகிறவர்களையும் ஒரு காலத்தில் இங்கே வந்துதான் பேசி முடிப்பார்களாம். இப்போது எங்கு பார்த்தாலும் மரச்சாமான் கடைகள். நடுவில் எங்காவது வாசலில் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் தொங்கினால், அதுதான் நான் தேடி வந்த கடை.

பத்து வருஷம் வீணை கற்றவள் நான். நம் ஊரில் ஏகாண்ட வீணை என்றால் ஒரே பலாமரத்தைக் குடைந்து செய்வது. அதைத் தூக்கவே இன்னொரு கை வேண்டும். இங்கே கடைக்காரர் ஊத்தை எடுத்து என் மடியில் வைத்தபோது, காலிப் பானையைப் போல அவ்வளவு லேசாக இருந்தது. காரணம் பின்பக்கப் பட்டறையில் தெரிந்தது.

கைவினைஞரை இங்கே ‘உஸ்தா’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். உஸ்தா ஒரு மெல்லிய மரக்கீற்றைத் தண்ணீரில் நனைத்து, சூடான இரும்புக் குழாயில் வைத்து அழுத்தினார். ‘சுர்’ரென்று ஆவி கிளம்பியது. கொஞ்சம் வளைத்து, அச்சில் வைத்துப் பார்த்து, மறுபடியும் சூடு. அந்த ஒரு கீற்று பொருந்துவதற்குள் எனக்குக் கொடுத்த டீ ஆறிவிட்டது. இப்படிக் கீற்று கீற்றாக ஒட்டித்தான் அரைப் பேரிக்காய் வடிவக் குடம் உருவாகிறது. அல்-ஊத் என்றால் மரம் என்றே பொருள். இந்தச் சொல்தான் ஐரோப்பாவுக்குப் போய் ‘லூட்’ ஆனது.

தந்திகள் வந்து முடியும் கட்டையைத் தொட்டு, பெயர் என்ன என்று கேட்டேன். “ஃபரஸ்” என்றார். கூட வந்த கெய்ரோ நண்பர் ‘குதிரை’ என்று விளக்கியதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. வீணையிலும் அது குதிரைதானே! ஈரானியர்கள் அதை ‘கரக்’, அதாவது குட்டிக் கழுதை என்கிறார்கள். எந்த ஊராக இருந்தாலும் தந்தியைச் சுமக்க ஒரு விலங்கு வேண்டியிருக்கிறது.

அப்புறம் வாசிக்கச் சொன்னார். வீணையில் விரல் வைக்கிற இடங்களைக் காட்டும் மெட்டுகள் ஊத்தில் கிடையாது, வழவழவென்று வெறும் கழுத்து. நம் ராகம் போல அரபு இசையில் மகாம். ராஸ்த் என்ற மகாமின் மூன்றாவது ஸ்வரம் சீகா. நான் பழக்கதோஷத்தில் நம் கர்நாடக இசையின் அந்தர காந்தாரத்தில் விரலை வைத்தேன். உஸ்தா தலையாட்டிவிட்டு, என் விரலைப் பிடித்து, தந்தியை முறுக்கும் பிரடைப் பக்கமாக ஒரு மயிரிழை நகர்த்தினார். அதற்கு ஒரு படி கீழே உள்ள ‘சாதாரண காந்தார’மும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவே. வீணையில் அந்த இடத்துக்கு மெட்டே இல்லை. முதலில் அபஸ்வரமாகத்தான் கேட்டது. நாலைந்து முறை மீட்டியதும் காதில் உட்கார்ந்துவிட்டது, இனிமேல் எழுந்து போகாது.

கடை ரேடியோவில் எகிப்தின் பெரும் பாடகி உம்மு குல்ஸும் பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு இசையமைத்த முகமது அல்-கசப்ஜி, பிற்காலத்தில் தன் பாடல்களை அந்தப் பாடகி பாடுவதை நிறுத்திய பிறகும், அவருடைய குழுவில் ஊத் வாசிப்பவராகவே தொடர்ந்தார். 1966-ல் கசப்ஜி இறந்த பிறகு மேடையில் அவருடைய நாற்காலியைக் காலியாகவே விட்டுவைத்தார் உம்மு குல்ஸும் என்பார்கள். நண்பர் இதைச் சொன்னபோது உஸ்தா வேலையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் அல்-அஸ்ஹர் மசூதிக்குப் பின்னால் உள்ள ஹர்ராவி மாளிகைக்குப் போனோம். 1731-ல் கட்டிய வீடு. இராக்கியக் கலைஞர் நசீர் ஷம்மா தொடங்கிய ‘பைத் அல்-ஊத்’ பள்ளி இங்கேதான் நடக்கிறது. முற்றத்தில் உட்கார்ந்தேன். மாடியில் யாரோ ஒரு மாணவர் ராஸ்த்தில் ஏறி, சீகாவில் தவறி, திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். இருட்டும் வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அலெக்சாண்ட்ரியா போவதாக இருந்தது. டிக்கெட்டை மாற்றிவிட்டு, காலையிலேயே மறுபடி அத்தாபாவில் இறங்கினேன்.