செருமல் கணக்கு

ஜூலை 5

தொண்டைச் செருமலுக்கு, காலை ஆறரைக்கு முதல் மாத்திரை. பான்டோபிரசோல் 40, வயிற்று அமிலத்தைக் குறைப்பது. வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரம் கழித்து இட்லி. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொன்று. எட்டு வாரம்.

நெஞ்செரிச்சல் உண்டா என்று டாக்டர் மூன்று தடவை கேட்டார். இல்லை. புளியேப்பம்? அதுவும் இல்லை. இருந்திருந்தால் மாத்திரை கேட்கும் என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்லியிருப்பாராம். தொண்டை மட்டும் என்றால் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். ஆட்டோவில் வீடு வரும் வரை நெஞ்சில் கை வைத்துக்கொண்டே வந்தேன், லேசாகவாவது எரிகிறதா என்று.

ஜூலை 6

தொண்டைத் தொந்தரவுக்கு மதிப்பெண் போடும் ஒன்பது கேள்வித் தாள் ஒன்றை நிரப்பினேன். குரல் கம்முவது, செருமல், சளி, விழுங்கச் சிரமம், இருமல், தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது மாதிரி... ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மொத்தம் 45. 13-ஐத் தாண்டினால் வயிற்றிலிருந்து சாறு மேலே வருகிறதோ என்று சந்தேகப்படலாமாம். எனக்கு 22.

ஜூலை 9

மதியத்துக்குள் செருமல் 41.

ஜூலை 12

சாலிகிராமம், சீரியல் டப்பிங். ஐந்து எபிசோட் பேச வேண்டியது, இரண்டோடு நிறுத்திவிட்டோம். மாமியார் கதவைத் தட்டிக்கொண்டு கத்தும் சீன். மேலே போகும்போது குரல் இரண்டாகப் பிளக்கிறது. கோஆர்டினேட்டர் அண்ணன் ஒன்றுமே சொல்லவில்லை. டீ வாங்கித் தந்தார். எனக்கு டீ கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆறும் வரை கையிலேயே வைத்திருந்தேன்.

ஜூலை 14

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அம்மா செங்கல் வைத்துவிட்டாள். ராத்திரி முழுக்கக் கால்பக்கம் சரிந்துகொண்டே போனேன்.

ஜூலை 16

ஒரே விஷயம்தான் மண்டையைக் குடைகிறது. இந்த மாத்திரை வயிற்றில் அமிலம் சுரப்பதைத்தான் குறைக்கிறது. மேலே ஏறி வருவதை நிறுத்துவதில்லை. அமிலம் குறைந்த அதே சாறு ஏறி வரத்தானே செய்யும்? அதில் பெப்சின் இருக்கிறது. இறைச்சியைச் செரிக்க வைக்கிற பொருள். அது தொண்டையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அப்புறம் புளிப்பாக எதையாவது சாப்பிட்டால் மறுபடி வேலை செய்யத் தொடங்கலாம் என்கிறார்கள். அப்படியானால் நான் சாப்பிடும் ரசம்? எலுமிச்சை சாதம்? உணவுக்குழாய் தினம் கொஞ்சம் அமிலத்தைத் தாங்கிவிடும், குரல்வளைக்கு அந்தத் தெம்பு கிடையாது.

கட்டி இல்லை, புண் இல்லை. மூக்கு வழியாக ஸ்கோப் விட்டுப் பார்த்தாயிற்று. குரல்வளையின் பின்பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இதை நானே எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜூலை 20

ஆடி முதல் ஞாயிறு. தெருமுனை அம்மன் கோவிலில் கூழ். காலை ஐந்திலிருந்து மைக்கில் ஒரே ஆள், தொண்டை கிழிய, "தாய்மார்கள் வரிசையில் வரவும்." மத்தியானமும் அதே கனத்த குரல், ஒரு பிசிறு இல்லை. சன்னலை மூடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 26

கேள்வித் தாளில் இன்று 19! மூன்று குறைந்திருக்கிறது. அம்மாவுக்குப் பாட்டுப் பாடிக் காட்டினேன். மாத்திரை கேட்கிறது. கேட்கிறது.

ஜூலை 27

படிக்காமல் இருந்திருக்கலாம். பிரிட்டனில் 346 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், 2021-இல் வெளியானது. பாதிப் பேருக்கு லான்சோபிரசோல், என் மாத்திரையின் வகைதான், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. 16 வாரம். என்னுடைய அதே ஒன்பது கேள்வி. தொடக்கத்தில் சராசரி 22, என்னைப் போலவே. முடிவில் மருந்து சாப்பிட்டவர்கள் 17.4, வெறும் மாத்திரைக்காரர்கள் 15.6.

அப்படியானால் என்னுடைய அந்த மூன்று எங்கிருந்து வந்தது? செங்கல்லா? காபியை விட்டதா? வாரம் பூராவும் ஸ்டூடியோ இல்லாததா? ஆனால் அது சராசரிதானே. அந்த 346 பேரில் யாராவது சிலருக்கு மருந்தே கேட்டிருக்கும். அந்தச் சிலர் யார், முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது, நான் அவர்களில் ஒருத்தியா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 2

21.

ஆகஸ்ட் 4

அந்த மாமியாருக்கு வேறொரு பெண்ணை வாய்ஸ் டெஸ்ட் எடுத்தார்களாம். ஆறு வருஷம் நான் பேசிய மாமியார்.

ஆகஸ்ட் 9

டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். நெஞ்செரிச்சல் இல்லாதவர்களுக்கு முதலிலேயே அளந்து பார்த்திருக்கலாம் என்று அவரே சொன்னார். மூக்கு வழியாக ஒரு மெல்லிய ஒயர், 24 மணி நேரம். எவ்வளவு மேலே வருகிறது, வருவது அமிலமா இல்லையா, இரண்டையும் காட்டும். அமிலம் என்று தெரிந்தால் மாத்திரையை நம்பிக்கையோடு தொடரலாம். எதுவுமே வரவில்லை என்றால் இத்தனை நாள் வேறு கதவைத் தட்டியிருக்கிறோம்.

அதற்கு ஒரு வாரம் மாத்திரையை நிறுத்த வேண்டும்.

ஆகஸ்ட் 12

மாத்திரை இல்லாத மூன்றாவது நாள். செருமல் 38. மாத்திரையோடு 41. இதை வைத்து என்ன சொல்ல?

அம்மா அதிமதுரத்துண்டு கொடுத்தாள். வாயில் அடக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18

ஒயர் போட்டாயிற்று. இறக்கும்போது கண்ணில் தண்ணீர், அப்புறம் பழகிவிட்டது. கன்னத்தில் பிளாஸ்திரி, இடுப்பில் பெட்டி. சாப்பிட்டால் ஒரு பொத்தான், படுத்தால் ஒன்று, இருமினால் ஒன்று. எப்போதும் போலச் சாப்பிடுங்கள் என்றார்கள். ஆறு வாரத்துக்கு அப்புறம் காபி. அம்மா டபராவில் ஆற்றிக்கொடுத்தாள்.

வர வேண்டும். இன்றைக்காவது மேலே வர வேண்டும்.

ஆகஸ்ட் 19

2.10. இருமல். பொத்தானை அழுத்தினேன்.