இரவல் ஸ்பானர்

"எனக்கத எடுக்காத மக்கா, உனக்கதிலயே கழத்து." போட்டு என்ஜின் வேலையில் என்னோடு நின்று படிக்கும் பயல் என் ஸ்பானரைக் கேட்டபோது அன்று நான் இப்படிச் சொன்னது அவன் நல்லதுக்குத்தான் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

மேற்குக் கரையில் குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15-லேயே தொடங்கி ஜூன் 14-ல் முடிந்துவிடும். ரெண்டு கரையிலும் வேலை பார்க்கிற எங்களுக்கு என்ஜின் இறக்கி ஏற்றும் பருவம் அதுதான். அந்த வரும்படியில்தான் பயல் சொந்தமாக ஸ்பானர் வாங்கப் போனான். முழு செட்டு வேண்டாம், நல்ல கம்பெனியில் 10, 13, 17, 19 மில்லிமீட்டர் அளவுகள் மட்டும் எடு, மிச்சத்தைப் பிறகு சேர்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவன் பெயரில்லாத முழு செட்டோடு வந்தான். "அண்ணே, போட்டுல கைதவறி வெள்ளத்துல விழுந்தா, நல்லதுன்னா எனக்க கூலிதான் போவும். இது விழுந்தா போட்டும்னு விடலாம்" என்றான்.

அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. உப்புக்காற்று விலை பார்ப்பதில்லை. குரோம் பூச்சு ஓரிடத்தில் பொரிந்துவிட்டால் விலைகூடினதும் அடியிலிருந்து துருவேறும். டீசல் துணியால் தினமும் துடைத்தால் மலிவானதும் பல வருஷம் கிடக்கும்.

ஆனால் வித்தியாசம் தெரிகிற இடம் ஒன்று உண்டு: என்ஜினுக்கு டீசல் கொண்டுபோகும் இன்ஜெக்டர் பைப்பின் நட்டு. நடுவில் பைப் நிற்பதால் நட்டைச் சுற்றி வளையமாகப் பிடிக்கிற சாதா ரிங் ஸ்பானர் நுழையாது, வாய் திறந்த ஓப்பன் ஸ்பானர்தான் போட வேண்டும். ஆறு முகத்தில் அது பிடிப்பது இரண்டைத்தான். குரோம் வனேடியம் என்கிற உறுதியான எஃகில் பதமாகச் செய்ததென்றால் வாய் விரியாமல் நிற்கும். பதம் போதாத இரும்பு, அழுத்த அழுத்த மயிரிழை மயிரிழையாகத் திறக்கும். பார்வைக்குத் தெரியாது. நட்டு முனை மழுங்கி, ஸ்பானர் வழுக்கி, கைமுட்டி என்ஜின் பிளாக்கில் போய் இடிக்கும்போதுதான் தெரியும்.

அன்று என் பெட்டி அவன் கைக்கெட்டும் தூரத்தில் திறந்து கிடந்தது. 17 கேட்டான். உனக்கதிலயே கழத்து என்று நான் சொன்னது அப்போதுதான். நட்டு மழுங்கியது, முட்டியில் தோல் உரிந்தது. அந்த நட்டு பைப்பை விட்டுத் தனியாகக் கழன்று வராது என்பதால் புதுப் பைப்பே போட வேண்டி வந்தது.

இரவல் கிடைத்துக்கொண்டே இருந்தால் எவனும் நல்ல ஸ்பானர் வாங்க மாட்டான். எனக்கு வேலை படிப்பித்த ஆசானும் தன் பெட்டியைத் தொட விட்டதில்லை, அதனால்தான் நான் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இப்படி என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் மழுங்கியது போட்டுக்காரரின் நட்டு. பயலுக்குப் பாடம் படிப்பிக்க அவர் என்ஜின்தானா கிடைத்தது? நான் அவனைத் திருத்தப் பார்த்தேனா, என் ஸ்பானரைக் காத்துக்கொண்டேனா?

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். பிறகொரு நாள் பம்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த போல்ட்டுக்கு என் 13 தடிமனால் நுழையவில்லை. அவன் தன் செட்டிலிருந்து ஒன்றை எடுத்து, கிரைண்டரில் ரெண்டு பக்கமும் தேய்த்து, பழுக்கக் காய்ச்சி வளைத்து, உள்ளே விட்டுக் கழற்றிவிட்டான். என்னுடையதில் கிரைண்டரை வைக்க எனக்கு மனசு வந்திருக்காது. வேலைக்கு எது நல்ல ஸ்பானர் என்று அன்று கேட்டிருந்தால் அவனுடையதைத்தான் காட்டியிருப்பேன்.

இப்போது அவன் பெட்டியில் நல்ல கம்பெனி 17 ஒன்று இருக்கிறது. பார்த்ததும் சொன்னது பலித்ததென்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் என்னிடம் எதையும் கேட்பதில்லை, வேலையில் வரும் சந்தேகத்தைக்கூட. போன வாரம் வால்வ் இடைவெளி எவ்வளவு வைக்கணும் என்று அடுத்த போட்டில் நின்ற மெக்கானிக்கிடம் போய்க் கேட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.