‘இன்’ என்று தொடங்கினால் எதிர்மறையா?

தருமபுரியில் மாலை வேளைகளில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முன்னொட்டுப் பாடம் வரும்போதெல்லாம், ‘இன்’ என்று தொடங்கும் சொல் எதிர்மறைப் பொருள் தரும் என்று கைடு புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு உறுத்தும். ‘விசிபிள்’ கண்ணுக்குத் தெரிவது, ‘இன்விசிபிள்’ தெரியாதது. ‘கரெக்ட்’ சரி, ‘இன்கரெக்ட்’ தவறு. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் இந்த ஒரு விதியை மட்டும் நம்பி, தொப்பூர் கணவாயில் இறங்கும் பெட்ரோல் டேங்கரின் பின்புறத்தில் உள்ள ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’ என்ற எச்சரிக்கையைப் படிப்பவர், அதற்கு ‘சற்றும் தீப்பற்றாதது’ என்றுதான் பொருள் கொள்வார்.

லத்தீன் மொழியில் எழுத்தால் ஒன்றாகவும் பொருளால் வேறாகவும் இரண்டு ‘இன்’கள் இருந்தன. ஒன்று ‘இல்லை’ என்பது. மற்றொன்று ‘உள்ளே’, ‘மேலே’ என்பது. ‘இன்ஃபிளேமபிள்’ இரண்டாவதைச் சேர்ந்தது; தீ மூட்டுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்ததால், எளிதில் தீப்பிடிப்பது என்பதே அதன் பொருள். இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால்தான், 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘ஃபிளேமபிள்’ என்றே எழுத வேண்டும் என வலியுறுத்தியது. இன்று இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே. தீப்பற்றாததற்கு ‘நான்ஃபிளேமபிள்’ என்ற சொல் இருக்கிறது. நம் லாரிகள் இன்னும் பழைய சொல்லையே சுமந்து செல்கின்றன.

அடுத்து, ‘பாசிபிள்’ முன்னால் ‘இம்’, ‘லீகல்’ முன்னால் ‘இல்’, ‘ரெகுலர்’ முன்னால் ‘இர்’ என்று நான்கு முன்னொட்டுகளாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். இது வீண் உழைப்பு. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் ஆவதை எந்தக் குழந்தையும் தனியாக நெட்டுருப் போடுவதில்லை. வருமொழியின் முதலெழுத்துக்கு ஏற்ப நிலைமொழியின் ஈறு திரிகிறது, அவ்வளவுதான். ‘இன்’னுக்கும் நிகழ்ந்தது இதே திரிபு. ஆனால் இரண்டு ‘இன்’களுமே இப்படித் திரிவதால், ‘இம்பாசிபிள்’ முடியாததையும் ‘இம்போர்ட்’ உள்ளே கொண்டுவருவதையும் குறிக்கின்றன.

தமிழின் ‘இன்மை’, ‘இன்றி’ ஆகியவற்றோடு இந்த எதிர்மறை ‘இன்’ ஒலியால் பொருந்துவதைக் கண்டு மாணவர்கள் பூரித்துப்போவார்கள். அது தற்செயல். உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது: அசைவத்தின் ‘அ’வும் அநாவசியத்தின் ‘அந்’நும் வடமொழி எதிர்மறை முன்னொட்டுகள், அவையும், லத்தீனின் இந்த ‘இன்’னும், ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கான ‘அன்’னும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை.

‘இன்வேல்யுவபிள்’ என்பதற்கு ‘மதிப்பில்லாதது’ என்று எழுதிவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் பலர். இங்கே ‘இன்’ எதிர்மறைதான். ஆனால் அது மறுப்பது மதிப்பை அன்று, மதிப்பிட முடியும் என்பதை. நாம் ‘விலைமதிப்பற்ற’ என்று எழுதும்போது செய்வதும் அதுவே. ‘இன்ஃபன்ட்’ என்ற சொல்லுக்குள் ‘பேசாதது’ என்ற பொருள் இருக்கிறது என்று சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ‘இன்ச்’சில் முன்னொட்டே கிடையாது, பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறித்த ‘உன்கியா’ என்ற லத்தீன் சொல்லின் தேய்வு அது.

முதல் எழுத்துகள் இப்படி ஏமாற்றுவதற்கு நல்ல சாட்சி பக்கத்திலேயே, கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிற்சாலைகளின் டின்களில் இருக்கிறது. ‘மேங்கோ’, ‘மேனுஃபேக்சர்ட்’ என்ற இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்துகள் ஒன்றே. முதலாவது, தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் மாங்காய், போர்த்துகீசியர் வாயில் ‘மங்கா’வாகி ஆங்கிலத்துக்குப் போனது. இரண்டாவது, கையைக் குறிக்கும் ‘மனுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, கையால் செய்தது என்று பொருள்பட்டது. கூழைப் பிழிந்து டின்னில் அடைப்பதோ முழுக்க எந்திரம்.