லாங்லீஃப் பைன் காட்டில் வான்கோழிகள்: களநாட்குறிப்பு

ஜனவரி 24

அமெரிக்காவின் தென்மேற்கு ஜார்ஜியா. காட்டு வான்கோழிகளைப் பிடித்து, ஜிபிஎஸ் கருவி கட்டி விடுவதற்காக, ராக்கெட் வலை (சிறு ராக்கெட்டுகள் இழுத்துப்போய்ப் பறவைகள் மேல் விரிக்கும் வலை) வைக்கும் இடங்களில் உடைத்த சோளம் போடத் தொடங்கியாயிற்று. மடித்த வலைக்கு எதிரே, ஒரே கோடாகப் போட வேண்டும். பரவலாக இறைத்தால் பறவைகள் சிதறி நிற்கும். தலை தூக்கி நிற்பதன் மேல் ராக்கெட்டோ வலையின் விளிம்போ பட்டால் சாவுதான். எல்லாத் தலையும் குனிந்த பிறகே விசையை அழுத்தலாம். காட்டில் இரை குறைந்து, பறவைகள் கூட்டமாகத் திரியும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் இந்த வேலை நடக்கும்.

பிப்ரவரி 11

வலையில் விழுந்ததை உடனே எடுத்துப் பெட்டியில் இருட்டில் வைக்க வேண்டும். நெடுநேரம் திமிறினால் தசை சிதையும். பறந்துபோன பறவை சில நாள் கழித்துச் செத்துக் கிடக்கும். முதல் இரண்டு வாரச் சாவுகளை, எத்தனை பறவை உயிர் பிழைத்தது என்ற கணக்கில் சேர்க்காத வழக்கம் இதனால்தான்.

மார்பிறகின் நுனி கறுப்பானால் சேவல், பழுப்பானால் பெட்டை. வயதுக்கு இறக்கையின் வெளிக்கோடி இறகுகளைப் பார்க்க வேண்டும்: நுனி மழுங்கி, வெள்ளைப் பட்டைகள் கடைசிவரை ஓடினால் முதிர்ந்தது, நுனி கூர்ந்து, பட்டை முன்பே நின்றுவிட்டால் இளசு.

ஜிபிஎஸ் கருவி சுமார் 90 கிராம். 4 கிலோ பெட்டைக்கு இது உடல் எடையில் 3 சதவீதத்துக்குள் அடங்கும். முதுகில் வைத்து, இரு இறக்கைக்கு அடியிலும் எலாஸ்டிக் கயிறு கொடுத்துக் கட்டுகிறோம். இறுகினால் அக்குள் புண்ணாகும், தளர்ந்தால் கால் மாட்டிக்கொள்ளும். பறவை இருக்கும் இடம் பகலில் மணிக்கு ஒருமுறை பதிவாகும், நள்ளிரவில் ஒருமுறை.

மார்ச் 9

காட்டைத் திட்டமிட்டு எரிக்கும் வேலை தொடங்கிவிட்டது. ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் பரந்திருந்த லாங்லீஃப் பைன் (நீண்ட ஊசியிலைப் பைன்) காடு, 5 சதவீதத்துக்கும் கீழே சுருங்கிப்போனது. மீட்பு என்றால் இங்கே மூன்று வேலை: நெருங்கி நிற்கும் பைன் மரங்களில் சிலவற்றை வெட்டி வெளிச்சம் விடுவது, இடையடுக்கில் ஏறிய ஸ்வீட்கம், வாட்டர் ஓக் மரங்களை அகற்றுவது, 2–3 ஆண்டுக்கு ஒருமுறை தீ வைப்பது. செங்கொண்டை மரங்கொத்தியையும் கோஃபர் ஆமையையும் மனத்தில் வைத்தே பெரும்பாலும் இது நடக்கிறது. வான்கோழிக்கு அது எப்படிப் படுகிறது என்பதே நம் கேள்வி.

எரித்த தேதியும் பாத்தியின் (ஒரே தடவையில் எரிக்கும் நிலத்துண்டின்) எல்லையும் மட்டும் போதாது. ஓடையோரமும் ஈரப் பள்ளமும் எரியாமல் திட்டுத்திட்டாக நிற்கும். பறவைக்கு முக்கியம் அந்த விளிம்புதான். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் தீக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு வரையலாம். தாமதித்தால் சில வாரங்களில் தழைத்து, கரி மறைந்துவிடும்.

ஏப்ரல் 22

முட்டையிடும் காலத்தில் பெட்டை இரவில் மரத்தில்தான் தங்கும். நள்ளிரவுப் பதிவு தரையில், அதே புள்ளியில் தொடர்ந்து விழுந்தால் அடைக்கு உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே அழிந்த கூடுகள் நம் கணக்கில் வராமலே போகும். அடையில் இருப்பதைக் கிளப்பக் கூடாது. தூரத்திலிருந்து கருவியின் சமிக்ஞையைக் கேட்டால் போதும்.

ஏப்ரல், மே எரிப்பில் கூடுகள் கருகும் என்ற அச்சம் வேட்டைக்காரர்களிடம் பலமாக இருக்கிறது. தென்கிழக்கு மாநில ஆய்வுகளில் தீயால் போன கூடுகள் மிகச் சொற்பம். ரக்கூன், ஒப்போசம், பாம்பு போன்றவற்றால் போவதே அதிகம்.

மே 19

கூட்டில் கிடக்கும் முட்டை ஓடுகளைப் பார்ப்பது. அகன்ற முனை மூடிபோலச் சுற்றி அறுபட்டு, உள்தோல் கழன்றிருந்தால் பொரித்தது. நொறுங்கி மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் தின்னப்பட்டது. முட்டையே இல்லாவிட்டால் பாம்பு என்று எழுதிவிட வேண்டாம். தூக்கிப்போகும் விலங்குகளும் உண்டு.

செடி மறைவை அளக்க, உயர அளவு குறித்த ரோபெல் கம்பைக் கூட்டில் நிறுத்தி, 4 மீட்டர் தள்ளி, 1 மீட்டர் உயரத்திலிருந்து நான்கு திசையிலும் பார்க்கிறோம். எப்போது அளக்கிறோம் என்பதுதான் இங்கே பெரிய கண்ணி. கூடு அழிந்த நாளிலேயே அளந்தால், சீக்கிரம் அழிந்தவற்றுக்கு ஏப்ரலின் குட்டைப் புல்லும், பொரித்தவற்றுக்கு மே மாதத்து உயரப் புல்லும் பதிவாகும். பிறகு ‘உயரப் புல் கூட்டைக் காக்கிறது’ என்று கணினி சொல்லும். அது வெறும் நாட்காட்டியின் வேலை. எல்லாக் கூட்டையும், அழிந்ததோ பொரித்ததோ, எதிர்பார்த்த பொரிப்பு நாளில் அளக்க வேண்டும். ஒப்பிடுவதற்காகத் தற்செயலாகத் தேர்ந்த, கூடில்லாத இடத்தையும் அதே நாளில்.

ஜூன் 6

குஞ்சுகள் முதல் இரண்டு வாரம் மரமேற முடியாது. தாயோடு தரையில் தங்கும். அவற்றுக்குப் பூச்சி மிகுந்த, அடியில் நடக்க இடம்விட்ட தழை வேண்டும். அண்மையில் எரிந்து துளிர்த்த நிலம் அதைக் கொடுக்கிறது. ஆனால் கூட்டுக்குப் புதரும் மறைவும் வேண்டும். அது எரிந்து இரண்டு ஆண்டு ஆன நிலத்தில் கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்தக் குஞ்சுகள் நடந்தே கடக்க வேண்டும். ஆயிரம் ஏக்கரை ஒரே மூச்சில் எரிப்பது செலவுக்குச் சிக்கனம்தான். பறவைக்கு இந்த இரண்டும் தள்ளிப்போய்விடும். சிறுசிறு பாத்திகளை மாற்றி மாற்றி எரிப்பதே சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

ஜூலை 15

கணக்கு வேலை. கூடு ஒரு நாள் தப்பும் வாய்ப்பு 0.96 என்றால் 28 நாள் அடைக்கு 32 சதவீதம், 0.95 என்றால் 24. நூற்றில் ஒரு பங்கு வித்தியாசமே அவ்வளவு தூரம் இழுக்கும், ஆகையால் அழிந்த தேதியைப் பதிவுகளிலிருந்து நாள் பிசகாமல் எடுக்க வேண்டும்.

நடமாட்டத்தை ஆராயும்போது ஒவ்வொரு அடியையும் (ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்கு நகர்ந்ததை) அன்றைய தேதியின் எரிப்பு வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். ஆண்டுக்கு ஒரே வரைபடம் வைத்தால், ஏப்ரல் 10-ல் எரிந்த பாத்தியில் ஏப்ரல் 2-ல் மேய்ந்த பெட்டை ‘எரிந்த நிலத்தை நாடியது’ என்று தப்பாகப் பதிவாகும்.